கிராஞ்சிக்குப் போகும் தண்டவாளம்

எரிக் லோமாக்ஸ் சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்படவில்லை. 1919இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர், 2012 அக்டோபர் 8ஆம் தேதி, 93 வயதில் பிரிட்டனிலேயே காலமானார். 1942இல் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்தபோது இங்கே பிடிபட்ட சிக்னல்ஸ் படை அதிகாரி அவர். சிறுவயதிலிருந்தே நீராவி ரயில் எஞ்சின்கள் மேல் தீராத பித்துக் கொண்டவர். அந்தப் பித்துக்கும் சேர்த்து எலும்பு முறிய அடிவாங்கியவர்.

அவரை நினைத்துக்கொண்டு கிராஞ்சிக்குப் போக எனக்கு ஒரு காரணம் இருந்தது. சிங்கப்பூரின் முதல் ரயில் பாதைக்குப் பெயரே சிங்கப்பூர்-கிராஞ்சி ரயில்வே. 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ் வரை அது போடப்பட்டது. பிறகு நகரப் பக்கம் பாதையை மாற்றி, 1932இல் தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்தார்கள். வடக்கே போகிற வண்டி மட்டும் எப்போதும் கிராஞ்சியைத் தொட்டுத்தான் போயிற்று. 1942இல் லோமாக்ஸையும் ஆயிரமாயிரம் கைதிகளையும் ரயில் பாதை போட சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ஏற்றிச் சென்ற அரிசி வேகன்களும் அந்த வழியேதான் போயின.

தேக்காவிலிருந்து கிராஞ்சிக்கு எம்ஆர்டியில் சுலபமாகப் போய்விடலாம். நான் 170ஆம் எண் பேருந்தைத் தேர்ந்தெடுத்தேன். குவீன் ஸ்திரீட்டில் கிளம்பி, தேக்கா சந்தைக்கு எட்டும் தூரத்தில் ஆளேற்றிக்கொண்டு, புக்கிட் தீமா சாலை முழுவதையும் அளந்து, கிராஞ்சியைக் கடந்து ஜொகூர் பாரு வரை போகிற வண்டி அது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை நகரை நோக்கி இறங்கிய பாதையில் அது எதிர்த்திசையில் ஏறுகிறது. அந்தப் போரைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது.

பேருந்துக்குக் காத்திருந்தபோது ஃபேரர் பார்க் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காலத்தில் அது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம். 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அங்கேதான் திரட்டி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். கேப்டன் மோகன் சிங் அவர்கள் முன்னால் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் வித்து ஒன்று அந்தப் புல்தரையில் விழுந்தது. அதே நாளில் வெள்ளைச் சிப்பாய்களைச் சாங்கிக்கு நடக்கச் சொல்லி உத்தரவு. லோமாக்ஸும் அப்படிச் சாங்கிக்கு நடந்தவர். ஒரே படையில் இருந்தவர்களை ஒரே நாளில் நிறம் பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய கதைகளையும் நாம் தனித்தனியாகவே படித்துவருகிறோம்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்கு ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். மடியில் பெரிய பை. சனிக்கிழமை வேலை முடிந்து ஜொகூருக்கு வீடு திரும்புகிறவர்.

"ஜேபிக்கா அண்ணே?"

"இல்ல தம்பி, கிராஞ்சியில இறங்கிடுவேன். கல்லறைத் தோட்டத்துக்கு."

"சொந்தக்காரங்க யாராச்சும் அங்க இருக்காங்களா?"

இல்லை என்றேன். சயாம் ரயிலில் அடிபட்ட ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "எங்க பாட்டியோட அப்பா சயாமுக்குப் போனவருதான். தோட்டத்துல இருந்து புடிச்சிட்டுப் போனாங்களாம். திரும்பல." அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. எந்த முகாம், எந்த மாதம், நோயா அடியா, ஒன்றும் வீட்டில் யாருக்கும் தெரியாது. இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில் அவருக்குப் படைக்கிறார்கள்.

லோமாக்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரே எழுதிவைத்தது. 1995இல் வந்த அவருடைய தன்வரலாற்றுக்கு 'ரயில்வே மனிதர்' என்ற பொருளில் பெயர். 2013இல் அது படமாகவும் வந்தது. காலின் ஃபிர்த் நடித்தார். படம் பார்த்தவர்கள்கூடப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பேன். பாதி வாழ்க்கையில் எஞ்சின்கள் எப்படி நிறைந்திருந்தன என்பது புத்தகத்தில்தான் முழுசாக இருக்கிறது. 13 வயதில் ஊர்ப் பாலத்தின் மேல் நின்று கீழே சரக்கு முற்றத்தில் நிற்கும் எஞ்சின்களைப் பார்த்த கணத்தில் அந்த ஆசை பிடித்துக்கொள்கிறது. பிறகு சைக்கிளில் ஊர் ஊராகப் போய், எந்தக் கம்பெனி, எந்த வகை, என்ன எண் என்று குறித்துவருகிறார். 16 வயதில் பள்ளியை விட்டுத் தபால் துறையில் தந்தி வேலைக்குச் சேர்கிறார். போர் மூண்டதும் சிக்னல்ஸ் படை. கம்பியும் கருவியும் தெரிந்தவருக்கு அது பொருத்தமான இடம்தான்.

பழைய இயந்திரங்களை நேசிப்பவர்கள் தனி இனம். காரோ மோட்டார் சைக்கிளோ ரயில் எஞ்சினோ, எண்ணும் ஆண்டும் செய்த தொழிற்சாலையும் அவர்களுக்கு அத்துப்படி. சிங்கப்பூரில் இந்த ஆசை சுலபமல்ல. 1990இலிருந்து கார் வைத்திருக்கப் பத்தாண்டு உரிமச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்தாண்டு ஆனதும் நல்ல நிலையில் உள்ள கார்கள்கூடப் பழைய இரும்புக்குப் போகின்றன. கப்பலேறி வேறு நாட்டுக்கும் போகின்றன. 35 ஆண்டைத் தாண்டிய 'கிளாசிக்' கார்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் வருஷத்தில் இத்தனை நாள்தான் சாலையில் இறக்கலாம் என்று கணக்கு. அப்படியிருந்தும் ஞாயிறு காலைகளில் பளபளவென்று துடைத்த மாரிஸ் மைனரோ பழைய மெர்சிடிஸோ கண்ணில் படும்போது, அதை ஓட்டுகிறவரிடம் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. வைத்துக்கொள்வதற்கு லாபக் கணக்கு எதுவும் இல்லாத ஒன்றை அவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

அந்த நினைப்போடு அப்பர் புக்கிட் தீமா சாலையில் ஃபோர்டு தொழிற்சாலைக்கு முன் இறங்கினேன். இளைஞர் கையசைத்தார். கிராஞ்சிக்கு அடுத்த 170ஐப் பிடித்துக்கொள்ளலாம்.

1941 அக்டோபரில் திறந்த இந்தக் கட்டடம் தென்கிழக்கு ஆசியாவில் ஃபோர்டின் முதல் கார் பூட்டும் ஆலை. முகப்பு இன்றும் அந்தக் காலத்து ஆர்ட் டெகோ அழகோடு நிற்கிறது. கார் பூட்டத் தொடங்கிய வேகத்தில் போர் வந்துவிட்டது. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த போர் விமானங்களை இங்கே பூட்டினார்கள். நான்கு மாதத்தில், 1942 பிப்ரவரி 15 மாலை, இதே ஆலையின் கூட்ட அறையில் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானிய ஜெனரல் யமஷிதாவிடம் சரணடைந்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய ராணுவத்துக்கு லாரிகள் இங்கே தயாராயின. போருக்குப் பின் ஃபோர்டு திரும்பி வந்து 1980 வரை கார் செய்தது. 2006இல் தேசிய நினைவுச் சின்னம் ஆயிற்று. இன்று ஆக்கிரமிப்புக் காலத்தைச் சொல்லும் கண்காட்சி உள்ளே இருக்கிறது. ஒரு கார் ஆலையின் ஆயுளில் மோட்டார், விமானம், சரணாகதி, ராணுவ லாரி, மறுபடி மோட்டார், கடைசியில் அருங்காட்சியகம். அறையின் கண்ணாடிக்கு முன் நின்றபோது எனக்கு அந்த மேசையைவிட, சுவருக்கு அப்பால் அன்று பாதி பூட்டிய நிலையில் என்னென்ன நின்றிருக்கும் என்பதே மனதில் ஓடியது. லோமாக்ஸ் வந்திருந்தால் அவரும் அதைத்தான் தேடியிருப்பார்.

ஆலையிலிருந்து சற்றுத் தொலைவில் பழைய ரயில் பாதை ஓடுகிறது. 2011 ஜூன் 30 இரவு கடைசி மலாயன் ரயில் இதில் போயிற்று. ஜொகூர் சுல்தானே எஞ்சினை ஓட்டிப்போனார். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு 24 கிலோமீட்டருக்குப் பசுமைப் பாதை ஆக்கியிருக்கிறார்கள். சாலையைத் தாண்டும் இரும்புப் பாலங்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றின்மேல் இன்று சைக்கிளும் குழந்தை வண்டியும் போகின்றன. கருப்புச் சாயம் பூசிய அந்த இரும்புச் சட்டங்களின் மேல் கை வைத்தேன், வெயிலில் சுட்டது.

இதன்மேல்தான் வேகன்கள் போயின. அரிசி ஏற்றும் மூடிய இரும்பு வேகன். ஒவ்வொன்றிலும் முப்பது பேர் போல அடைத்தார்கள். பகலில் இரும்பு கொதிக்கும், இரவில் குளிரும். கால் நீட்டிப் படுக்க இடமில்லை. நான்கைந்து நாள் பயணம், சயாமில் பான்போங் வரை. வண்டிக்குள் இருந்தவர்களில் ஒருவர், எந்த நிலையம் எப்போது வந்தது, எந்த வகை எஞ்சின் இழுக்கிறது என்று கவனித்துக்கொண்டே போனார். தன் வாழ்நாள் ஆசை அவரைக் கொலைக்களத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நிலையிலும் ஆசை விடவில்லை. புத்தகத்தில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம் அது.

காஞ்சனபுரியில் ரயில்வே பட்டறை முகாமில் லோமாக்ஸும் கூட்டாளிகளும் ரகசியமாக வானொலி ஒன்று செய்து செய்தி கேட்டார்கள். 1943 ஆகஸ்டில் அது பிடிபட்டது. அதிகாரிகளை வரிசையாக நிறுத்தி இரவெல்லாம் கட்டையால் அடித்தார்கள், இருவர் செத்தார்கள். லோமாக்ஸின் இரண்டு கைகளும் முறிந்தன. பிறகு அவரிடம் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: அவர் கையால் வரைந்த, சயாம்-பர்மா ரயில் பாதையின் வரைபடம். எதற்கு வரைந்தாய் என்று ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் கேட்டது. எனக்கு ரயில் பிடிக்கும் என்றார். விசாரித்தவர்கள் நம்பவில்லை. உண்மையிலேயே ரயில் பிடித்தவன் வரைந்த வரைபடம் அவர்கள் கண்ணுக்கு ஒற்றனின் வரைபடமாகத் தெரிந்தது. கையைக் கட்டிப் படுக்கவைத்து மூக்கிலும் வாயிலும் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். கேள்விகளை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்ன இளம் மொழிபெயர்ப்பாளரின் குரல் மட்டும் அரை நூற்றாண்டு அவரை விடாமல் துரத்தியது.

ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை. மறுபடி சிங்கப்பூர், ஊட்ரம் ரோடு சிறை. பசியும் சிரங்கும் பேசத் தடையும். அங்கிருந்து சாங்கி மருத்துவமனைக்கு மாற்றலாகப் படிக்கட்டில் தானே உருண்டு விழுந்து அடிபட்டுக்கொண்டார். அந்தச் சிறையை 1963இல் இடித்துவிட்டார்கள். இன்று ஊட்ரம் பார்க் எம்ஆர்டியில் இறங்குகிறவர்களுக்கு அந்த இடம் எது என்றுகூடத் தெரியாது.

அடுத்த பேருந்து உட்லண்ட்ஸ் சாலையில் ஏறியதும் நகரம் கொஞ்சம் மூச்சுவிடுகிறது. கிராஞ்சியில் நிறுத்தத்திலிருந்து சிறிது நடந்தால், மேட்டின் மேல் வெள்ளைக் கட்டடம் தெரியும்.

போருக்கு முன் கிராஞ்சி ராணுவ முகாம், வெடிமருந்துக் கிடங்கு. 1942 பிப்ரவரி 9 இரவு ஜப்பானின் ஏகாதிபத்தியக் காவல் படை கிராஞ்சி ஆற்று முகத்தில் இறங்கியபோது, ஆஸ்திரேலியர்கள் அவர்களை எதிர்கொண்டார்கள். எண்ணெயைத் திறந்துவிட்டதில் சதுப்பு நிலம் தீப்பற்றிற்று. 1944இல் கைதிகளுக்கான மருத்துவமனை இங்கே இருந்தது. அதன் அருகிலேயே இறந்தவர்களைப் புதைத்தார்கள். போருக்குப் பின் சாங்கி, புவோனா விஸ்தா என்று தீவெங்கும் கிடந்த கல்லறைகளை இங்கே கொண்டுவந்தார்கள். இன்று 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் 850க்கும் மேற்பட்டவை யாருடையவை என்று தெரியாதவை. பக்கத்திலேயே தேசியக் கல்லறைத் தோட்டம். சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் அங்கே இருக்கிறார்.

மேட்டின் உச்சியில் நிற்கும் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தை 1957 மார்ச் 2ஆம் தேதி ஆளுநர் சர் ராபர்ட் பிளாக் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ். மேற்கூரை விமானச் சிறகு, நடுக் கோபுரம் நீர்மூழ்கியின் தலைப்பகுதி, தூண்கள் அணிவகுக்கும் சிப்பாய்கள் என்று மூன்று படைகளையும் ஒரே கட்டடத்தில் காட்டியிருக்கிறார். தூண்களின் இருபுறமும் பெயர்கள். கல்லறை இல்லாத 24,000 பேருக்கு மேல்.

இந்தியப் படைகளின் சுவர்களை நிதானமாகப் படித்தேன். பஞ்சாபி, டோக்ரா, கூர்க்கா, கர்வாலிப் பெயர்களுக்கு நடுவே நம் பக்கத்துப் பெயர்கள் வரும். 'சாமி' என்றும் 'ராஜ்' என்றும் முடிகிற ஒவ்வொன்றிலும் விரல் நின்றது. மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் மண் தோண்டிப் பாலம் போட்டவர்கள், சர்வீஸ் கார்ப்ஸில் லாரி ஓட்டியவர்கள், சமையல்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள். ஊரில் மாட்டு வண்டியைத் தவிர வேறு ஓட்டியிராத ஒரு பையன், ராணுவத்தில் மோட்டார் பழகி மலாயாக் காட்டுச் சாலையில் செவர்லே லாரி ஓட்டியிருப்பான். அந்த வண்டிமேல் அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! சுவரில் அதற்கு இடமில்லை. பெயரும் பதவியும் படைப்பிரிவும் மட்டும். இருந்தாலும் அந்த மூன்றுமாவது இருக்கின்றன. பதிவேட்டைப் புரட்டினால் எண்ணும் இறந்த தேதியும் கிடைக்கும்.

நினைவுச் சின்னத்துக்குப் பின்னால் தகன நினைவகம் இருக்கிறது. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 800 பேர்; பெரும்பாலோர் இந்தியப் படையினர். வருகிறவர்கள் அங்கே அதிகம் நடப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் வருகிறவர்கள் செந்தோசாவுக்குப் போகும் ஒரு பொழுதை இங்கே கொடுக்கலாம் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

பேருந்து இளைஞரின் கொள்ளுத்தாத்தா இந்தச் சுவர்களில் இருக்க முடியாது. அவர் சிப்பாய் இல்லை, தோட்டத் தொழிலாளி. 415 கிலோமீட்டர் பாதை போட 60,000 போர்க் கைதிகளைக் கொண்டுபோனார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் தமிழர். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று தோட்டத்தில் சொல்லி ஏற்றினார்கள். ஆள் சேராதபோது பிடித்து ஏற்றினார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. கைதி முகாம்களில் மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர் இருந்தார், கட்டுப்பாடு இருந்தது, கொதித்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்து மக்களுக்கு அது எதுவும் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது லயம் லயமாகச் செத்தார்கள். யாரும் எண்ணவில்லை. தோட்டத்துக் கிராணியின் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஒரு பெயர் வராமல் போனதுதான் பலருக்குக் கடைசிப் பதிவு. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் 90,000 என்பதும் ஒரு மதிப்பீடுதான்.

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். லோமாக்ஸின் புத்தகத்தைப் படிக்கும் தமிழர்கள் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே மழை, ஒரே மூங்கில் காடு, ஒரே தண்டவாளம். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் பாதையின் முழு நீளமும் தெரிகிறது.

1945 செப்டம்பர் கடைசியில், போர் முடிந்த கையோடு, நேச நாட்டுக் கல்லறைக் குழு ஒன்று அந்தப் பாதை நெடுகப் போயிற்று. கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ஒளித்துவைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு, 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டார்கள். கிடைக்காமல் போனவை 52 மட்டும். காட்டுக்குள் இவ்வளவு துல்லியமாகத் தேட முடிந்ததென்றால், எழுதிவைத்த தாள்தான் காரணம். அந்தக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர் நாகாசே தகாஷி. லோமாக்ஸின் விசாரணையில் கேள்விகளை மொழிபெயர்த்த அதே மனிதர். வழியில் கண்டவை அவரை மாற்றிவிட்டன. பின்னாளில் பலமுறை காஞ்சனபுரிக்குப் போனார்; பாலத்தருகே ஒரு புத்த ஆலயம் எழுப்பினார்.

லோமாக்ஸ் ஊர் திரும்பியபோது தாய் இல்லை. மகன் பிடிபட்ட கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் அரசு வேலை, பிறகு ஸ்காட்லாந்தில் ஆசிரியப் பணி. எதையும் யாரிடமும் பேசாத நாற்பதாண்டு. 1980இல் பாட்டி (Patti) என்ற பெண்ணை ஒரு ரயிலில்தான் சந்தித்தார். பின்னர் அவரை மணந்தார். நாகாசேயைப் பற்றி நாளிதழில் படித்தபோது முதலில் எழுந்தது கொலைவெறி என்று அவரே எழுதுகிறார். மனைவி பாட்டிதான் நாகாசேக்குக் கடிதம் எழுதினார். 1993 மார்ச்சில் இருவரும் காஞ்சனபுரிப் பாலத்தருகே சந்தித்தார்கள். நாகாசே அழுதார், லோமாக்ஸ் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. பிறகு அவரை மன்னிப்பதாகத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். நாகாசே 2011இலும், அடுத்த ஆண்டு லோமாக்ஸும் மறைந்தார்கள்.

அந்தப் பாதையில் ஓடிய ஜப்பானிய நீராவி எஞ்சின்களும் சில பிழைத்திருக்கின்றன. பாதை திறந்த அன்று ஓடிய சி56 வகை எஞ்சின், 31 என்ற எண்ணோடு, டோக்கியோவில் யசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் மெருகு குலையாமல் நிற்கிறது. அதே வகையில் வேறு இரண்டைத் தாய்லாந்து ரயில்வே காப்பாற்றிவருகிறது. ரயில் பிரியர்கள் இவற்றைத் தேடிப் போய்ப் படமெடுக்கிறார்கள். அதில் தவறில்லை. எஞ்சினுக்கு எண் இருக்கிறது, செய்த ஆண்டு இருக்கிறது, எங்கே ஓடியது என்ற வரலாறு இருக்கிறது. அந்த அளவு விவரம், அதற்குப் பாதை போட்ட தோட்டத்துத் தமிழர்களில் ஒருவருக்காவது கிடைக்குமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

2023இல் காஞ்சனபுரியில் ஒரு புத்த ஆலய வளாகத்தில் அவர்களுக்கு நடுகல் வைத்தார்கள். தாய்லாந்திலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் முயன்றார்கள். தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. எண்பதாண்டுக்குப் பிறகு வந்த கல். கிராஞ்சியிலிருந்து கிளம்பும்போதே அங்கே போவதென்று முடிவு செய்துவிட்டேன். போவதற்கு முன் மலேசியாவில் இறங்கி, கெடா, பேராக் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்களின் பெயர்களைச் சேகரித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க வேண்டும். இளைஞர் தம் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பாட்டியிடம் கேட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.